ஐந்தாவது அட்மிஷன்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும்தான் நடுங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிற எங்களுக்கும் அன்றுதான் ஜுரம் ஆரம்பிக்கும். பிள்ளைகளின் பயம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். எங்களுடையது ஜூலை வரை இழுத்துக்கொண்டு கிடக்கும்.

நான் சிவில் துறையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறவள். ஸ்ரீரங்கத்தில் காலை ஏழேகாலுக்குக் கல்லூரி பஸ் ஏறினால், காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கிற கல்லூரியில் எட்டரைக்கு இறக்கிவிடும். கான்கிரீட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேட்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிவிட்டார்கள். எங்கள் வகுப்பில் முன்னால் இரண்டு பெஞ்சு நிரம்பினால் பெரிய விஷயம்.

அந்த வருஷம் ரிசல்ட் வந்த மறுநாள் பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

"ஒவ்வொருத்தரும் அஞ்சு அட்மிஷன் கொண்டு வரணும். கொண்டு வராதவங்களை நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஆபீஸ்ல சர்டிபிகேட்டை வாங்கிக்கலாம்."

வேலைக்குச் சேருகிற அன்றே பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து கடைசிப் பட்டம்வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவைத்துக்கொள்வார்கள். நாம் பாதியில் ஓடிவிடக் கூடாதாம். அதைத் திருப்பித் தருகிறேன் என்று அவர்களாகவே சொன்னால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

முந்தைய வருஷம்தான் என் கணவருக்கு வேலை போயிருந்தது. பாய்லருக்கு வேண்டிய இரும்புச் சாமான் செய்து கொடுக்கிற கம்பெனி. ஆர்டர் வரவில்லை என்று ஒரு சனிக்கிழமை சாயந்திரம், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. ஐம்பது வயதுக்காரரை எந்தக் கம்பெனி கூப்பிடும்? அவரும் முதல் மூன்று மாதம் ஷேவ் பண்ணிக்கொண்டு சட்டை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனார். அப்புறம் போவதை நிறுத்திவிட்டார். காலையில் தளிகை அவர்தான். சாம்பார் எனக்கு வைக்கத் தெரிந்ததைவிட நன்றாகவே வைப்பார். மகள் பத்தாவது. எங்கள் மூன்று பேருக்கும் என் ஒரு வேலைதான்.

"பெருமாள் பாத்துப்பார், நீ ஏன் இப்படி வெலவெலத்துப் போறே?" என்பார்.

"பெருமாளா வந்து சிவில்ல சேரப்போறார்?" என்று நான் எரிந்து விழுவேன். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

பள்ளிக்கூடங்களிலிருந்து வாங்கிய பெயர், போன் நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். மணப்பாறையில் ஒரு வீட்டில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, கையைக்கூட எடுக்காமல் சொல்லிவிட்டார்: "கம்ப்யூட்டர்னா சொல்லுங்க மேடம், வரோம். கட்டடமெல்லாம் வேணாம், வேலை கெடைக்காதாமே." வேலை போய்விடாமல் இருப்பதற்காகத் தெருத்தெருவாக அலைகிற ஒருத்தியிடம்தான் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. திரும்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். மணப்பாறை முறுக்கு தொண்டையில் இறங்காமல் நான் தவித்தது அன்று மட்டும்தான்.

ஜூன் கடைசிக்குள் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவதாகப் பேசிவைத்திருந்த பையன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிட்டான் என்று அவன் அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, "ஸாரி மேடம்" என்றாள். எனக்கு அந்தப் பெண்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

என் பக்கத்து மேஜைக்காரருக்கும் நான்குதான். அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கே.கே. நகரிலிருந்து வருகிறவர், சர்வேயிங் எடுப்பார். எனக்கு டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்தபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தார். அதை ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. வயதான அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், அங்கேயும் ஒரே சம்பளம். நாங்கள் இரண்டு பேரும் காலையில் வந்ததும், "இன்னிக்கு ஏதாவது?" என்று கேட்டுக்கொள்வோம். ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் மற்றவர் சிரித்தபடி கை கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

பட்டியல் முடிகிற நாளுக்கு முந்தைய சாயந்திரம் அவர் போன் செய்தார்.

"மேடம், ஒரு உதவி. முசிறியிலேர்ந்து ஒரு மேஸ்திரி நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வராரு. மூணு தடவை வீட்டுக்கே போய்ப் பேசி வச்சிருக்கேன். இப்பப் பாருங்க, என்னைப் பேப்பர் திருத்த மதுரைக்குப் போகச் சொல்லிட்டாங்க. அங்க உள்ள போனும் விடமாட்டாங்க. நீங்க கொஞ்சம் கூட இருந்து ஃபார்ம் எழுதிக் குடுத்துடுங்க. அதோட எனக்கு அஞ்சு ஆச்சு. அப்பாடா, ஒரு வருஷத்துக்கு மூச்சு விடலாம்."

"இதெல்லாம் சொல்லணுமா சார்? நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னபோது என் மனசில் ஒன்றும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். அப்பா, அம்மா, பெண் மூன்று பேரும். அப்பா கட்டட மேஸ்திரி. துவைத்து மடிப்புக் கலையாத வேட்டி சட்டை, கைவிரல்களில் மட்டும் சிமெண்ட் வெடிப்பு. அம்மா ஒரு சீப்பு பூவன் பழத்தைப் பையோடு என்னிடம் கொடுத்தார். "எங்க தோட்டத்துக் காய்ங்க. சாருக்குன்னு கொண்டாந்தோம். நீங்களும் எடுத்துக்குங்க."

"இத்தனை வருஷமா இன்ஜினியர் சொல்றதைக் கேட்டுக் கட்டிட்டேன் மேடம்" என்றார் அந்த அப்பா. "இனிமே எம் பொண்ணு சொல்றதைக் கேட்டுக் கட்டணும்." பெண் வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஃபார்மை எடுத்தேன். "நீங்களே எழுதிடுங்க மேடம், எங்களுக்குத் தப்பு வந்துரும்" என்றார்கள். பெயர், பள்ளி, மார்க், முகவரி எல்லாம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், அடியில், ஒரு கட்டம் இருக்கும்: பரிந்துரைத்த ஆசிரியர். இந்த அட்மிஷன் யார் கணக்கு என்பதை அந்தக் கட்டம்தான் சொல்லும்.

அங்கே பேனாவை வைக்கப்போகிற நேரத்தில்தான் ஆபீஸ் கிளார்க் ஒரு தாளோடு வந்து நின்றார். "மேடம், சாயந்திரம் லிஸ்ட் போகுது. உங்களுக்கு நாலுன்னுதான் காட்டுது. வேற ஏதாவது இருக்கா?"

அடுப்படியில் நிற்கிற என் கணவர், மகளின் பரீட்சை, பீரோவிலிருந்து வெளியே வருகிற என் சர்டிபிகேட் ஃபைல் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. நாற்பத்து நான்கு வயதில் அந்த ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்பேன்? எங்கும் ஆளைக் குறைக்கிறார்கள். யார் எடுப்பார்கள்?

"இருக்கு, அஞ்சாவது இதோ எழுதிட்டிருக்கேன்" என்று சொன்னது என் வாய்தான். என் பெயரை எழுதினேன். நிறுத்தி நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே அந்த அப்பா கையெழுத்துப் போட்டார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. ஏன் பார்க்கப்போகிறார், நான் வாத்தியார் அல்லவா!

"சார்கிட்ட சொல்லிடுங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பழத்தை அவர் மேஜையில் வைத்தேன். சாயந்திரம் பார்த்தால், அவர் வருவதற்குள் கறுத்துப்போய்விடும் என்று தோன்றியது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருடுவது என்று ஆரம்பித்தபின் ஒரு சீப்புப் பழத்தில் என்ன இருக்கிறது?

"அஞ்சும் ஆயிடுத்து" என்று கணவரிடம் சொன்னேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். அப்படியே கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தார். திரும்பி வந்து இரண்டு பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, "முசிறிப் பழம்னா முசிறிப் பழம்தான்" என்றார். நான் அன்று கோயில் பக்கம் போகவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

நான் இன்றும் அதே கல்லூரியில்தான் வேலை பார்க்கிறேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் மனம் திருந்தி உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன் என்று எதிர்பார்த்துக்கொண்டே படிப்பீர்கள்.

நான்காம் நாள் சாயந்திரம் அவர் மதுரையிலிருந்து திரும்பினார். சர்டிபிகேட் வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் பட்டியல் அதற்கு முந்தின நாளே நோட்டீஸ் போர்டில் போட்டாகிவிட்டது. சிவிலில் அவர் பெயர் ஒன்றுதான். அவர் நேராக என்னிடம் வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் சிரித்தார்.

"பாருங்க மேடம், ஆபீஸ்ல கோட்டை விட்டுட்டாங்க. முசிறிப் பொண்ணை என் கணக்குல ஏத்தவே இல்ல போல. ஃபார்ம் எழுதினது நீங்கதானே, பிரின்சிபால்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்! வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பின்னாலேயே போனேன். வராந்தா முழுக்க அவர் மதுரையில் மின்விசிறி ஓடாத அறையில் பேப்பர் திருத்திய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டிக்கொண்டு போனேன்.

பிரின்சிபால் ஃபைலை வரவழைத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பரிந்துரைத்தவர்னு மேடம் பேருதானே இருக்கு" என்றார்.

அப்போதும் பக்கத்து மேஜைக்காரருக்குச் சந்தேகம் வரவில்லை. "அது ஒண்ணுமில்ல சார். வரிசையா எழுதிட்டு வந்தாங்களா, பழக்கத்துல அவங்க பேரையே போட்டிருப்பாங்க. அதானே மேடம்? சொல்லுங்க."

எனக்கு வெளியே போக ஒரு கதவையே திறந்து வைத்துவிட்டார். ஆமாம் சார், மறதியாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதும். என்னை யாரும் திருடி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்கு நான்கு ஆகிவிடும். அந்த நோட்டீஸில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவார்கள்.

பிரின்சிபால் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"அவங்க என்னைப் பாக்கத்தான் வந்தாங்க சார்."

என் பக்கத்தில் நின்றவர் மூச்சு விடுவது கேட்டது. அவர் கையில் போன் இருந்தது. அதில் அந்த மேஸ்திரியின் நம்பர் இருந்தது. ஒரு போன் போட்டால் போதும், மேஸ்திரி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவர் போனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன், நான்தான் திரும்பவில்லையே.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நானும் வெளியே வந்தேன். வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் போனோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதும் பேசுகிற குரலிலேயே பேசினார். "ஸ்ரீரங்கம் பஸ் எடுத்துடுவாங்க மேடம். போங்க."

ஓடினேன். ஓடிப்போய் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரவில்லை, வெட்கம்கூட அப்புறம்தான் வந்தது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பஸ் கேட்டைத் தாண்டுகிறவரைக்கும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், போனைக் காதில் வைத்துவிடுவாரோ என்று.