மங்களம் நிறுத்திய பால்

என் அம்மா மங்களம் தலையில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. தெருவெல்லாம் பூக்கடை, அப்பா குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார். சிங்கப்பூரில் எங்கள் பஃபலோ ரோட்டில் இதைப் பேசாத வாயில்லை.

காரணம் நான்தான். 1955இல் அப்பாவுக்குத் துறைமுக வேலை போய்விட்டது. நான் பிறந்த நாற்பதாம் நாள் அம்மா காத்தோங்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு ஆயாவாகப் போனாள். பால் வற்றுவதற்காக மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டாள்; அதன்பிறகு பூவைத் தலையில் வைக்கவே இல்லை. அங்கே அவர்கள் பிள்ளையை இவள் வளர்க்க, இங்கே எனக்குப் பக்கத்து வீட்டு கதீஜா அக்கா டின் பால் புகட்டினார்.

எட்டாம் மாதம் என் வலது காதில் சீழ் வந்தது. மருந்துக்கு நிற்கும், அடுத்த சளிக்கு மறுபடி ஒழுகும். நான்கு வயதில் வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் நான் திரும்புவதே இல்லை. இது இப்படியே நிலைத்துவிடுமோ என்று அம்மா பயந்து செத்தாள்.

கிளினிக்கில் பிரிஜட் மிஸ்ஸி என்ற நர்ஸ் பொறுமையாக விளக்கினார். தாயிடமிருந்து பிள்ளை கொண்டுவரும் எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துவிடும்; பிறகு ஒவ்வொரு சளியோடும் மோதித்தான் உடம்பு தன் காவலைத் தானே கட்டிக்கொள்ளும்; ஏழெட்டு வயதில் பெரும்பாலும் சரியாகிவிடும், கேட்பதும் திரும்பலாம். தாய்ப்பாலும் கொஞ்சம் காவல்தான், ஆனால் அதைக் குடித்த பிள்ளைகளுக்கும் இது வருகிறது என்றார். இத்தனை நல்ல சேதியையும் கிளினிக் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, தாய்ப்பாலை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள் அம்மா. அதில் எனக்கு இன்றும் அவள்மேல் கோபம். கோபத்தைவிடப் பாவமாக இருக்கிறது.

மிஸ்ஸி சொன்னபடிதான் நடந்தது. ஏழு வயதில் சளி பிடித்தது, காது ஒழுகவில்லை. அடுத்த சளிக்கும் இல்லை. சத்தம் மெல்ல மெல்லத் திரும்பியதால் எனக்கே பிடிபடவில்லை.

ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னும்போது அம்மா என் வலது காதருகே குனிந்தாள். கேட்காது என்ற தைரியத்தில் தினமும் சொல்லி வந்திருக்கிறாள் போல.

"பால் குடுக்காம போயிட்டேனே, கண்ணு. அம்மாவ மன்னிச்சிரு."

"நான் ஒண்ணும் கோவிச்சுக்கலையேம்மா" என்றேன்.

அவள் கை சடையிலேயே நின்றது. பிறகு அதே காதில், இன்னும் மெதுவாக, "கேக்குதா?" என்றாள்.