நான் நீக்கிய பழைய கருவி

பரிமளாவின் வேலை போனதற்கு நானே காரணம். அவள் குற்றமற்றவள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் எனும் பெருங்கணினியைப் பராமரிப்பவன். எத்தனையோ பேரின் நோய் விவரங்கள் அதில் இருக்கின்றன. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஜவ்வாது மலையில் இருக்கும் என் ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மழை மூட்டம் போட்டால் அன்றைக்கு அதுவும் இல்லை.

அந்தக் கணினியில் கோப்புகளைப் பிரதியெடுக்கும் பழைய கருவி ஒன்று இருந்தது. உருவாக்கிய நிறுவனமே கைவிட்ட மென்பொருள். திருத்தங்கள் வருவது நின்று பல ஆண்டுகள். புதிய கருவி ஒவ்வொரு முறையும் நீ யார், உனக்கு அனுமதி உண்டா என்று கேட்கும். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழையதோ எதையும் கேட்காது. பாதுகாப்புக் காவலைத் தாண்டிப் போய் எடுத்து வந்துவிடும். காவலின் பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது.

ஆபத்து தெரியாதவனா நான்? காலாவதியான கருவிகளை அகற்றியாகிவிட்டது என்று ஆண்டுதோறும் கையெழுத்திட வேண்டியவனே நான்தான். 'நீக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதை வேறு பெயரில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும்தானே தெரியும் என்று நினைத்தேன்... என்ன முட்டாள்தனம்! எனக்குத் திறக்கும் கதவு இன்னொருவனுக்குத் திறக்காதா?

ஒரு நாள் நோய் விவரங்கள் வெளியே கசிந்தன. விசாரணை வந்தது. அந்த வாரம் அந்த விவரங்கள் இருந்த கோப்பைத் திறந்ததாகப் பதிவேட்டில் இருந்தது ஒரே பெயர்: பரிமளா. கண்ணமங்கலத்துப் பெண், மூன்றாண்டுகளாக என் குழுவில் இருந்தவள். தன் வேலைக்காகத்தான் அதைத் திறந்திருந்தாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. பழைய கருவி, தன்னை யார் பயன்படுத்தினார்கள் என்று தனக்குள் ஒரு சிறு குறிப்பு வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்தேன். வரிசையாக என் பெயர்... நடுவில் ஒரே ஒரு வரி. ஒப்பந்தத்தில் சில மாதங்கள் வந்துபோன ஒருவனின் பெயர். அதே வாரம், அதே கோப்பு.

குறிப்பைக் காட்டினால் அவள் தப்புவாள், நான் மாட்டுவேன். அவ்வளவுதான் கணக்கு. கருவியையும் குறிப்பையும் சேர்த்தே நீக்கினேன். ஆண்டுக்கணக்காகச் செய்யாத கடமையை, செய்யவே கூடாத அந்த நாளில் செய்தேன்!

மறுநாள் அவள் அழைத்தாள்.

"அண்ணா, நான் எதையும் எடுக்கலண்ணா. இன்னா நடந்துச்சின்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

"தெரியலம்மா. நீ எடுத்திருக்க மாட்ட, அது மட்டும் தெரியும்."

பேசி முடித்துவிட்டுச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். நன்றாகவே பசித்தது... அதை நினைத்தால்தான் இன்று வெட்கமாக இருக்கிறது. அந்த வாரமே அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சந்தவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தில் விண்ணப்பித்தபோது, விசாரிக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அங்கிருந்து ஒருவர் அழைத்தார்; அவள் வேலை போன காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. நேர்மையான பெண், திறமைசாலி என்றேன்.

"அப்ப அந்த ஃபைலை எடுத்தது யாருங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பு.

"தெரியாதுங்க."

நேற்று பரிமளா பேசினாள். "அந்த வேல கெடைக்கலண்ணா. பரவால்ல. நீங்க என்னப் பத்தி நல்லதா சொன்னீங்களாமே. அந்த அண்ணா ஒருத்தர்தான் உன்ன நம்புனாருன்னு எங்க வூட்ல சொல்லிட்டே இருக்காங்க."

"நல்லா இரும்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

அந்தக் குறிப்பில் பார்த்த பெயர் எழுத்துக்கு எழுத்து எனக்கு நினைவிருக்கிறது. இத்தனையும் சொன்ன நான், அதை உங்களிடமும் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள்.