வெள்ளி விலை கேட்டு நசரத்பேட்டை வரை

புறப்படுவதற்கு முன் நடந்தவை, வரிசையாக:

1. இருபது மாதங்களுக்கு முன் நசரத்பேட்டையில் உள்ள ஒரு சுற்றுலா அலுவலகத்தில் மலேசியப் பயணத்துக்கு விலை கேட்டோம். விமான டிக்கெட் தனி. தங்கல், சாப்பாடு, வேன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,500 வெள்ளி. மலேசிய ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அன்று ஒரு வெள்ளி 17 ரூபாய் 80 காசு. அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து 53,400 ரூபாய்.

2. அன்றே அம்மா, எங்கள் மேனாம்பேட்டுத் தெருவில் பத்மாக்கா நடத்தும் ஏலச் சீட்டில் சேர்ந்தார். மாதம் மூவாயிரம், இருபது மாதம், அறுபதாயிரம்.

3. அவசரக்காரர்கள் சில ஆயிரங்களை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளிக் கேட்டு, முன்னாலேயே எடுத்துக்கொண்டார்கள். அம்மா எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று காத்திருந்தார்.

4. விமான டிக்கெட்டை என் சம்பளத்தில் எடுத்தேன். அதன் தேதியை மாற்ற முடியாது.

5. போன வாரம் சீட்டுப் பணம் முழுதாக வந்தது.

6. மறுநாள் சுற்றுலா அலுவலகத்திலிருந்து அழைப்பு. வெள்ளி ஏறிவிட்டதாம், 23 ரூபாய் 50 காசு கணக்கில் கட்ட வேண்டியது இப்போது 70,500. இயலாவிட்டால் பினாங்கை எடுத்துவிடலாமாம்.

அம்மா மலேசியா போவதே பினாங்குக்காகத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சால்டரிங் வைத்தவர் ஸ்டெல்லா அத்தை. பிறகு பினாங்கில் அதே வேலை கிடைத்துப் போனார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் வாரம் தவறாமல் போனில் பேசுகிறார்கள், பார்த்து இருபது வருடத்துக்கு மேல். இந்த வருடக் கடைசியில் அவர் மகளோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோகிறார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, நானும் அம்மாவும் சீட்டுப் பணத்தோடு கிளம்பினோம். பத்மாக்காவும் வந்தார். கூப்பிடாமலேயே வந்தார்.

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் ஓ.டி.க்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஏறியதும் பத்மாக்கா ஆரம்பித்தார்.

"இன்னா வசந்தாக்கா, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? துட்டு முழுசா தானே வந்துச்சு?"

"முழுசா வந்துச்சு பத்மா. அது பத்தலன்றாங்க."

நான் கணக்கைச் சொன்னேன். பத்தாவது மாதம் அம்மா நாலாயிரம் தள்ளிச் சீட்டை எடுத்திருந்தால் கையில் 56,000 வந்திருக்கும். அப்போது வெள்ளி 18 ரூபாய் 40 காசு. மூவாயிரம் வெள்ளிக்கு 55,200 போக மிச்சம்கூட இருந்திருக்கும். நாலாயிரம் நஷ்டமாகக் கூடாது என்று காத்ததில் அதைப் போல மூன்று பங்கு, நான்கு பங்கு போகிறது.

"அடிப்பாவி, என் மேலயே கேஸ் போடுவ போலகீதே. கடைசியா எடு அக்கான்னு சொன்னது நான் தான். நான் கீறது மேனாம்பேட்டுல. மலேசியாக்காரன் துட்டு ஏறும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பொறுத்திருப்பவருக்கு முழுப் பணம் என்பது எங்கள் தெருச் சீட்டின் விதி. அந்த விதி தெருவுக்குள் சரியாகவே வேலை செய்கிறது. தெருவைத் தாண்டி ஒரு நாட்டின் நாணயத்தைத் தொட்டவுடன் அதே பொறுமைக்கு அபராதம் போடுகிறார்கள்.

ஓ.டி.யில் ஒரு பணமாற்றுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் மின்பலகையில் இரண்டு எண்கள். வெள்ளியை நாம் கொடுத்தால் 20.30. நாம் கேட்டால் 22.60. அந்த நேரத்தில் என் போன் காட்டிய சந்தை விலை 21.40. நான் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வேலையில் இருக்கிறேன். ஒரே பொருளை ஒரு கருவி வரும்போது ஒரு மாதிரியும் போகும்போது வேறு மாதிரியும் காட்டினால் அதைச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைப்போம். இங்கே அதையே விளக்குப் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்ரயில், ஐந்து ரூபாய். திருமுல்லைவாயில், அன்னனூர் தாண்டினால் ஆவடி. சனிக்கிழமையிலும் நிற்கத்தான் இடம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இன்னொரு பணமாற்றுக் கடை, அங்கே 22.10. மூன்று நிறுத்தங்களில் ஐம்பது காசு வித்தியாசம். மூவாயிரம் வெள்ளிக்கு அது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சான்றிதழ் கேட்க யாருமில்லை.

கடையில் இருந்த பெண், "பாஸ்போர்ட், டிக்கெட் காப்பி வேணும் மேடம். ரேட் சாயங்காலம் மாறலாம்" என்றாள். வாங்கவில்லை. முதலில் நசரத்பேட்டையில் பேச வேண்டும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு மாநகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. பருத்திப்பட்டு ஏரி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி. ஒரு மணி நேரம் பிடித்தது. ஜன்னலோரத்தில் அம்மா, மடியில் பை. பையில் பணம் மட்டுமல்ல, ஸ்டெல்லா அத்தைக்கு எடுத்த இரண்டு ரவிக்கைத் துணிகளும் இருந்தன. ஏன் இன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பீரோவுல வெச்சா பாக்குறப்பல்லாம் ஒரு மாதிரி இருக்கு. இல்லேன்னு ஆயிடுச்சின்னா வழியிலயே யாருக்காவது குடுத்துட்டு வந்துரலாம்னுதான்."



பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை, பெங்களூர் நெடுஞ்சாலையில் நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 120 ரூபாய் பேசினோம். சாலை முழுக்க லாரி, புழுதி. டயர் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். சுவரில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரப் படம், குளிரூட்டி, சுழல் நாற்காலிகள். எங்களை வரவேற்ற மேலாளர் நாற்பது வயதுக்காரர், மெதுவான குரல். எதற்கும் கோபப்படாதவர். அதுதான் என் கோபத்தை வளர்த்தது.

"மேடம், நாங்க விலையே ஏத்தல. அப்பவும் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி, இப்பவும் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. பாருங்க, நோட்டீஸ்ல மாத்தவே இல்ல."

"இவரு ஏத்தலயாம்" என்றார் பத்மாக்கா அம்மாவிடம். "அப்போ பதினேழாயிரம் தானா மாடிப்படி ஏறிகினு வந்துச்சா?"

நான் கேட்டேன். "வெள்ளி ஏறிடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா சந்தையில 21.40. ஆவடியில கடைக்காரங்க லாபம் வெச்சும் 22.10. நீங்க ஏன் 23.50 போடறீங்க?"

"எங்களுக்குக் கிடைக்கிற ரேட் அது மேடம்."

"ரூபா மதிப்பு ஏறியிருந்தா குறைச்சு வாங்கியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "இதுவரைக்கும் அந்த மாதிரி வந்ததில்ல மேடம்."

"சரி, ஆவடியில வெள்ளியாவே வாங்கிக் கொண்டுவந்து தர்றேன்."

"அப்படி நாங்க வாங்கக் கூடாது. இங்க ரூபாய்லதான் கட்டணும். ரூல்."

"பில் வெள்ளியில."

"ஆமா மேடம்."

"பணம் ரூபாயில."

"ஆமா."

"நடுவுல இருக்கற ரேட்டு மட்டும் உங்களோடது."

மேலாளர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"சீட்டு நடத்தறவ நானே இப்டி பண்ண மாட்டேன் நைனா" என்றார் பத்மாக்கா. "நடு மாசத்துல வந்து, உன் மூவாயிரம் இனிமே நாலாயிரம்னு சொன்னா என் ஊட்டாண்ட வந்து செருப்பக் கழட்டுவாங்க."

மேலாளர் அதற்கும் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னார். "அம்மா, வயசான காலத்துல அவ்ளோ அலைச்சல் எதுக்கு? பினாங்கு ரெண்டு நாளை எடுத்துடலாம். உங்க பட்ஜெட்டுக்குள்ள வந்துரும். அங்க பெரிசா ஒண்ணுமில்ல."

அம்மா பையை மூடினார். "எடுத்துடு நித்யா. போன்ல பேசிக்கறேன்."

நான் எழுந்து மாடிப்படிக்கு வந்தேன். கத்திவிடுவேன் என்று பயம். நின்று பார்க்கும்போதுதான் கேட்காத கேள்வி ஒன்று தெரிந்தது. பினாங்குக்கு மட்டும் எவ்வளவு? திரும்பிப் போய்க் கேட்டேன். இரண்டு இரவு ஹோட்டல், வேன், சுற்றிக் காட்டுவது, இருவருக்கும் சேர்த்து 1,100 வெள்ளி.

படியில் நின்றபடி ஸ்டெல்லா அத்தைக்குப் போன் செய்தேன்.

"ஹோட்டலா? என் வீட்டுல மூணு ரூம் சும்மா கிடக்கு. உங்கம்மா ஹோட்டல்ல படுத்தா நான் பேசவே மாட்டேன். கோலாலம்பூர்ல பஸ் ஏறுங்க லா, ஆளுக்கு நாப்பது வெள்ளிதான் வரும். பினாங்குக்கு எதிர்க்கரை, பட்டர்வொர்த்துல நான் நிக்கறேன்." பேச்சில் மலேசியாவின் 'லா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவங்க குரூப்போட வர்றதுன்னா சௌகரியம்னு அம்மா..."

"வசந்தாவா? அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட் வேலை நாள்ல இருந்தே கம்பெனி வண்டியில போனாத்தான் மனசு கேக்கும்."

உள்ளே போய், "பினாங்கை எடுத்துடுங்க" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருவழி பஸ், இரண்டு பேர், மொத்தம் 160 வெள்ளி என்று சொன்னேன். புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"தனியாவா? நம்ம ரெண்டு பேருமா?"

"பாஷை தெரியாத ஊராம்மா? பஸ்ஸ்டாண்டுல ஒருத்தராவது தமிழ் பேசுவாங்க."

"அக்கா, நீ ஆவடில பஸ்ஸு மாறி பூந்தமல்லி வந்துட்ட. பினாங்கு இன்னா, இன்னும் கொஞ்சம் தூரம்" என்றார் பத்மாக்கா.

மேலாளர் குழுவிலிருந்து பிரிந்து போவது நல்லதில்லை என்றார். அந்த இரண்டு நாட்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றார். சரி என்றேன். மிச்சம் 1,900 வெள்ளி. அதற்கும் 23.50 தான் போட்டார். 44,650 ரூபாய். நான் சம்மதித்துக் கட்டவில்லை. டிக்கெட் கையில் இருப்பதால் கட்டினேன். ஆவடி விலையில் பார்த்தால் 2,660 ரூபாய் அதிகம். அது எதற்கு என்று அங்கேயே மின்னஞ்சல் எழுதி, அனுப்பியதை அவரிடம் காட்டினேன். பார்த்தேன் மேடம் என்றார்.

திரும்பும் வழியில் ஆவடிக் கடையில் பஸ்ஸுக்கும் கைச்செலவுக்குமாக 650 வெள்ளி வாங்கினோம். காலையில் 22.10 என்றது மாலையில் 22.20 ஆகியிருந்தது. அந்தப் பத்துக் காசு எந்த நேரத்தில் ஏறியது, யார் ஏற்றியது என்று கேட்டேன். "மேலிருந்து வரும் மேடம்" என்றாள் அந்தப் பெண். 14,430 ரூபாய். நோட்டுகளை அம்மா விரித்துப் பார்த்து, ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் வைத்தார்.

இரவு மேனாம்பேட்டில் இறங்கும்போது பத்மாக்கா முன்னூறு ரூபாயை என் கையில் திணித்தார். "கோடாலித் தைலம் வாங்கினு வா பாப்பா. போன தடவ எங்க ஊட்டுக்காரரு போனப்ப இதுக்கு மூணு பாட்டிலு வந்துச்சு."

"எப்போ போனாரு?"

"அது கீது பத்து வருஷம்."

இத்தனை பேசியவருக்கும் பழைய வெள்ளியில்தான் கணக்கு ஓடுகிறது. எங்கள் தெருவில் யாருக்கும் அப்படித்தான். ஓர் ஊரின் விலையை ஒருமுறை தெரிந்துகொண்டால் அது அங்கேயே நிற்கும் என்று நினைப்போம். அந்த நினைப்பில்தான் நசரத்பேட்டை மாடி நடக்கிறது. வெளிநாடு போக விலை விசாரிப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். வெள்ளியில் விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டும் நாளில் எந்த ரேட், யாருடைய ரேட் என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை.

இப்போதைய நிலவரம்: அறுபதாயிரத்தில் 44,650 நசரத்பேட்டையில், 14,430 வெள்ளியாக, 920 ரூபாய் கையில். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, மறுபடி அனுப்பியிருக்கிறேன். பத்மாக்காவுக்கு முன்னூறு ரூபாய்க்கு எத்தனை பாட்டில் வருமோ அத்தனைதான் வரும். பட்டர்வொர்த் பஸ்ஸில் இரண்டு இருக்கைகள் பதிவாகிவிட்டன, ஜன்னலோரம் அம்மாவுக்கு.