காதுக்குப் போகும் கை

ஐம்பது வயதைத் தாண்டியதும் என் வலது கையில் ஒரு நடுக்கம் வந்து சேர்ந்தது. தஞ்சாவூர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதி அடங்கியது, மீதி போகவில்லை. சாப்பிடுவதற்கும் மண்வெட்டி பிடிப்பதற்கும் அது பெரிய தடையாக இல்லை. தொடுதிரை போன்தான் என்னைப் படுத்தியது. மணி அடித்தால் பச்சை வட்டத்தைத் தொட வேண்டும். என் விரல் வைத்த இடத்தில் நிற்காமல் சிவப்புப் பக்கம் போய்விடும். கூப்பிட்டவருக்கோ, நான் வேண்டுமென்றே துண்டித்ததாகத்தான் தெரியும்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் வயல் உண்டு. ஒரு சம்பா அறுவடைக்கு அறுப்பு மெஷின் சொல்லி வைத்திருந்தேன். டிரைவர் அடுத்தடுத்துக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் என் விரல் துண்டித்தது. நான் திருப்பிக் கூப்பிட்டபோது அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மெஷின் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் பிடித்த மழையில் பயிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது.

பிறகு டீக்கடையில் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

“நீங்கதாண்ணே கட் பண்ணிக்கிட்டே இருந்தீங்க. வேற மெஷின் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

கை நடுங்குகிறது என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

“போனை எங்கிட்ட குடுத்துடுங்க. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள் மனைவி.

“வேணாம். நானேதான் எடுப்பேன்” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதில் மாற்றமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் பாய் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என் கையைப் பார்த்துவிட்டு, முதலில் பட்டன் போன் ஒன்றை எடுத்து வைத்தார். பூச்சி விழுந்த பயிரைப் படம் பிடித்து மருந்துக் கடைக்கு அனுப்புகிறவன் நான். அது வேண்டாம் என்றேன்.

“அப்ப இருங்க” என்று என் போனையே வாங்கி செட்டிங்கைத் துழாவினார். “இத ஆன் பண்ணிட்டா ஸ்கிரீனத் தொடவே வேணாம். மணி அடிக்கிறப்ப எடுத்துக் காதுல வைங்க. அதுவா எடுத்துக்கும்.”

கடையிலேயே முயன்றேன். போனைக் காதுக்குக் கொண்டுபோனேன். கை ஆடியதில் போன் காதை ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“பழகணும்ணே” என்றார் பாய்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் வீட்டில் பழகினேன். மனைவி கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிடுவாள்; நான் கூடத்தில் எடுக்கப் பார்ப்பேன். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவாள். முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, தலையையும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் போன் காதோடு நிற்கும் என்று ஒரு நாள் கண்டுகொண்டேன். ‘பிப்’ என்று ஒரு சின்னச் சத்தம். அதன்பின் அவள் குரல்: “கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப வாங்க, காப்பி ஆறுது.”

சிக்கல் இல்லாமலும் இல்லை. மணி அடிக்கும்போது சட்டைப் பையில் போட்டால், அதையும் காது என்று நினைத்து எடுத்துவிடும். அப்படித்தான், மைத்துனர் வாங்கிய டிராக்டரை நான் டீக்கடையில் குறை சொல்லிக்கொண்டிருந்ததை, அப்போது கூப்பிட்டிருந்த அவரே முழுக்கக் கேட்டார். அதற்காகவும் நான் அதை அணைக்கவில்லை.

அடுத்த சம்பாவில் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் கூப்பிட்டார். முழங்கையை விலாவோடு ஒட்டிப் போனைக் காதில் வைத்தேன்.

“அண்ணே, நீடாமங்கலம் ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க. ரயில் போனாத்தான் வர முடியும். வானம் வேற கருக்குது. இன்னொருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க வேற மெஷின் பாக்காம நிப்பீங்களா?”

“நிக்கிறேன், வாங்க. போன வருஷம் நான் வேணும்னு கட் பண்ணலைங்க. எனக்குக் கை நடுங்கும். அதனால ஆனது.”

அந்தப் பக்கம் ரயில் கடந்து போகும் சத்தம் கேட்டது.

“அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றார். “வந்துடுறேன்.”

வந்தார். பொழுது சாய்வதற்குள் அறுத்து முடித்தோம். களத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டபோது தூறல் விழ ஆரம்பித்தது. கயிற்றை நான்தான் கட்டினேன். முடிச்சு விழக் கொஞ்சம் நேரம் பிடித்தது. டிரைவர் பக்கத்தில் நனைந்துகொண்டே நின்றார். கயிற்றைக் கேட்டுக் கை நீட்டவில்லை.