திராட்சை மீட்டரும் கோமாளி மீனும்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் கம்பம் ஊரிலிருந்து அரை நாள் பஸ் பயணம். என் மனைவிக்கு அந்தப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். கடலையே வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். கண்ணாடித் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதற்குள் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை.

பவளப் பாறைகளில் இவை கடல் சாமந்திக்குள் குடியிருக்குமாம். அது பூவல்ல, விரல் விரலாக நீட்டிக் கொட்டுகிற பிராணி. வேறு மீன் தொட்டால் அதோகதிதான். இவற்றை மட்டும் மேல்தோலின் வழவழப்பு காப்பாற்றுகிறது. எங்கள் வீட்டில் சாமந்திக்குப் பதிலாக ஒரு மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தோம். பெரியது பெண், சின்னது ஆண். பெண் செத்தால் ஆணே பெண்ணாக மாறிவிடுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சின்னதன் மேல் ஒரு தனிப் பாசம்.

ஓராண்டு காத்திருந்த பிறகு பூந்தொட்டி மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள்! மனைவி தரையில் கால் பாவாமல் திரிந்தாள். நேரம் பார்த்து, மூன்றாம் நாளே அவளுக்கு மதுரையில் பயிற்சி வகுப்பு.

"தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்க. வேற எதுலயும் கை வைக்காதீக" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

சும்மா இருப்பவனா நான்? வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். உப்பு முப்பத்தைந்து இருக்க வேண்டும் என்று தொட்டியில் சீட்டு ஒட்டியிருந்தாள். அவளுடைய உப்பு மீட்டர் கிடைக்கவில்லை. திராட்சை விவசாயி வீட்டில் மீட்டருக்கா பஞ்சம்? பழச்சாற்றைச் சொட்டுவிட்டு இனிப்புப் பார்க்கும் மீட்டரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டினேன். நாலு! பதறிப்போய் உப்பை மூன்று கை அள்ளிப் போட்டேன். நாலரை. இன்னும் மூன்று கை.

கொஞ்ச நேரத்தில் பெரியது மூலையில் ஒதுங்கி வாயை வாயைப் பிளந்தது. சின்னது மட்டும் நகரவில்லை. மூச்சு வாங்கினாலும் முட்டைகளைச் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. இந்த மீனில் முட்டைக்குக் காவல் அப்பன்தான். உடனே மனைவிக்குப் போன் போட்டேன்.

"எதை வச்சுப் பாத்தீக?"

"நம்ம திராட்சை மீட்டர்தான்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

"அய்யோ, அது சர்க்கரை பாக்குறதுங்க! கடல் தண்ணியவே மோந்து ஊத்துனாலும் அது நாலுதான் காட்டும்! ஒரு குடம் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்துங்க, மெதுவா!"

மோந்தேன், ஊற்றினேன், தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். சாயங்காலம் பெரியது வெளியே வந்து சின்னதை ஒரு முட்டு முட்டியது. குடும்பம் சரியாகிவிட்டது! ஆளில்லாத வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன்.

ஆனால் முட்டைகள் நாளுக்கு நாள் கறுத்தன. நான்தான் கொன்றுவிட்டேன் என்று சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்காமல் டார்ச்சை அடித்தாள். முட்டை முட்டையாக உற்றுப் பார்த்தாள்.

"ஆத்தா, என்னன்னு சொல்லித் தொலை" என்றேன்.

"இங்கன வந்து பாருங்க."

குனிந்தேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண். கறுத்தது செத்ததால் இல்லை, உள்ளே குஞ்சு வளர்ந்ததால்! அத்தனை கண்ணும் என்னைத்தான் முறைத்தன. முறைக்கட்டும், உயிரோடு முறைக்கட்டும்!