முறுக்குப் பாக்கெட்டில் சுரேஷ்குமார்

பாலக்கரை ஷஹனாஸ் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் மட்டும் படம் எடுப்பவள். ஆண் போட்டோகிராபர் எட்டிப் பார்க்க முடியாத இடம் அது. பதினாறு வருஷத் தொழில். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பெண்ணைப் பெற்றவள் சரி என்று தலையாட்டாமல் ஒரு படமும் வெளியே போகாது. மாப்பிள்ளையே கேட்டாலும், "மாமிகிட்ட கேட்டுக்குங்க" என்று சொல்லிவிடுவாள். இந்தக் கண்டிப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் அவளை மாட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கபடி பார்க்கப் போவாள். மன்னார்புரத்துக்கு அந்தப் பக்கம் உள்ளரங்கில் லீக் ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை. பெரிய லென்ஸ் வைத்த கேமராவை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். அவளுடைய கைக்கு அடக்கமான கேமராவை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வாரமெல்லாம் "இப்படித் திரும்புங்க, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சுகிறவளுக்கு, தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆட்களைப் படம் எடுப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்படித்தான் ஒரு வாரம் சுரேஷ்குமார் என்ற ஆட்டக்காரன் அவள் கேமராவில் அகப்பட்டான். இடுப்பில் ஒருவன், கால்களில் இரண்டு பேர் தொங்க, நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு அவன் சிரித்தான். மூன்று பேரைச் சுமந்தவன் எப்படிச் சிரித்தான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் மணப்பாறையில் ஒரு நிக்காஹ். திரும்பும்போது முறுக்கு வாங்கச் சின்னையா கடையில் நின்றாள். பொட்டலம் கட்டும் நேரத்தில் சும்மா இராமல் அந்தப் படத்தை அவரிடம் காட்டினாள். உள்ளே முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த பவுனம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இது எம் மவன்" என்றாள். மகன் ஆடி அவள் பார்த்ததே இல்லையாம். அவன் கீழே விழுவதைப் பார்க்கத் தைரியம் கிடையாதாம். படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

சின்னையாவுக்கு வியாபார மூளை விழித்துக்கொண்டது. "நம்மூருப் பையன். புது பாக்கெட்ல போடலாம், குடுங்களேன்" என்றார். அவள் ஒரு நிக்காஹ் வேலைக்கு வாங்குவதில் பாதியைக் கொடுக்கவும் தயாராக இருந்தார்.

ஷஹனாஸ் தன் சட்டப்படி பவுனம்மாளைப் பார்த்தாள். "உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"எம் புள்ள மூஞ்சிதான தாயி, நல்லாப் போடட்டும்."

அம்மாவே சொல்லியாயிற்று. அப்புறம் என்ன? படத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டாள்.

இருபது நாளில் பாக்கெட் கடைகளுக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் பவுனம்மாள் போனில் அழுதாள். அணிக்குப் பணம் போடுவது ஒரு பெரிய தின்பண்டக் கம்பெனியாம். வேறு தின்பண்டத்துக்கு முகம் கொடுத்தது எப்படி என்று லீக் ஆபீஸ் சுரேஷ்குமாருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஏழு நாளில் பதில் வராவிட்டால் அணியிலிருந்து வெளியே. பயிற்சி முகாமில் கிடந்தவனுக்கு எந்தப் பாக்கெட் என்றே தெரியவில்லை.

ஷஹனாஸ் போனில் இருந்த டிக்கெட்டை எடுத்து, அதுவரை விரலால் தள்ளிவிட்ட பொடி எழுத்தை முதல் தடவையாகப் படித்தாள். பார்வையாளர் எடுக்கும் படம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்கக் கூடாது, விளம்பரத்துக்குத் தரக் கூடாது. மீறினால் அரங்கில் அனுமதி இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் இதற்குச் சரி என்று அமுக்கிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

சின்னையா ஒரு வழி சொன்னார். "யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புனாங்கன்னு சொல்லிடுறேன். உங்க பேரே வராது."

அவள் பேர் வராது, சரி. ஆனால் சந்தேகம் அந்தப் பையன் தலையில் அல்லவா உட்காரும்? மீதிப் பாக்கெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

லீக் ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. சட்ட விவகாரம் பார்க்கும் மகாலட்சுமி பொறுமையாகக் கேட்டார்.

"எடுத்தது தப்பில்லைங்க, வித்ததுதான் தப்பு. டிக்கெட்லயே போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

"பார்த்தேங்க. நேத்துதான் பார்த்தேன்."

"சுரேஷ்குமாரைக் கேட்டீங்களா?"

"அவங்க அம்மாவைக் கேட்டேன்."

மகாலட்சுமி பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "கல்யாண வீட்டுக்கு அது சரிங்க. இங்க அந்த அம்மா ஸ்தானத்துல லீக்தான் இருக்கு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். தான்தான் விற்றேன், ஆட்டக்காரருக்குத் தெரியாது என்று ஷஹனாஸ் எழுதிக் கொடுத்தால் அவன் நோட்டீஸ் ரத்தாகும். ஆனால் விதிப்படி அவளுக்கு இரண்டு சீசன், அதாவது இரண்டு வருஷம், அரங்கில் அனுமதி கிடையாது.

இரண்டு சீசன். அந்த ஞாயிறுகளை விட்டால் தனக்கென்று வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "அந்தப் படத்தை அவங்க அம்மாவுக்கு மட்டும் குடுக்கலாமாங்க?"

மகாலட்சுமி விதிகளைப் புரட்டினார். "வீட்டுல மாட்டிக்கட்டும். காசு மட்டும் வாங்காதீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய அளவில் பிரிண்ட் போட்டுச் சட்டமிட்டு மணப்பாறைக்குக் கொண்டுபோனாள். நோட்டீஸ் ரத்தாகிச் சுரேஷ்குமார் அணியில்தான் இருந்தான். பவுனம்மாள் இடுப்புச் சுருக்குப் பையில் கை வைத்ததும் ஷஹனாஸ் பதறிப்போனாள். "ஒரு ரூபா குடுத்தாலும் உங்க புள்ளைக்குத்தான் வினை." அவள் நீட்டிய முறுக்குப் பொட்டலத்தையும் வாங்க மறுத்துவிட்டாள். அதற்கும் ஏதாவது விதி இருந்து தொலைத்தால்?

பவுனம்மாள் படத்தில் இருந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்காக உன்னைய உள்ள விடாமப் பண்ணிட்டாங்களே தாயி. இனி நீ எப்படிப் பாப்ப?"

"ரெண்டு வருஷம்தானம்மா" என்றாள் ஷஹனாஸ். "அதுவரைக்கும் நீங்க போய்ப் பாருங்க. அவன் விழுந்தாலும் சிரிச்சுக்கிட்டேதான் எந்திரிக்கிறான். நான் பாத்திருக்கேன்."