நான் வாசித்துக் கொடுத்த ஆறு இலக்கங்கள்

1994 ஆம் ஆண்டு, தை மாதக் குளிரில்தான் காளியாயியை நான் முதன்முதலில் கண்டேன். மலையகத்தில் நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியையாகப் பொறுப்பேற்ற முதல் வாரம் அது. கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார். மகன் ஜெயகாந்தனை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"நீங்களே எழுதுங்க டீச்சர். இது கொழுந்து எடுக்குற கை. பேனாவப் புடிச்சா ஒடிச்சிரும்," என்று சிரித்தார்.

எழுதிக் கொடுத்தேன். பின்னர் முப்பது ஆண்டுகளாக அவருக்குரிய எல்லாத் தாள்களையும் நானே எழுதினேன். எழுதத் தெரியாதவர்கள் தமக்கு நம்பிக்கையான ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவது எங்கள் தோட்ட டிவிசனின் வழக்கம். அவ்வழக்கம் தவறானதென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. உண்மையைச் சொன்னால், அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

காளியாயி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அருகிலிருப்பவர்கள் சிரிக்காமல் இருக்க இயலாது. 2023 இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது சேமலாப நிதியாக நான்கு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா கிடைத்தது. தோட்டத்தில் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் அவருடைய வீட்டின் சுவர்கள் எழும்பியிருந்தன. அந்தப் பணம் கூரைக்கு.

வங்கிப் படிவத்தில் தொலைபேசி இலக்கம் கேட்டிருந்தார்கள். அவரிடம் தொலைபேசி இல்லை. என் இலக்கத்தை எழுதினேன். அட்டை வந்ததும், தொலைந்துபோனால் உதவுமென்று, அதிலிருந்த எண்கள் அனைத்தையும் என் குறிப்பேட்டில் பிரதி செய்துகொண்டேன். ஹட்டனுக்குச் சென்று இயந்திரத்தில் பணமெடுத்து வருபவள் மருமகள் வினோதா. இயந்திரத்தில் அழுத்தும் இரகசிய எண்ணை அவள் மட்டுமே அறிவாள்.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணியளவில் ஓர் அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஓர் இளைஞர்.

"காளியாயி அம்மாவோட கார்ட் இன்னைக்கு நின்னுரும் மிஸ். நீங்கதானே அவங்களுக்கு எல்லாம் பாக்குறீங்க?"

அந்தக் கேள்வியிலேயே நான் வீழ்ந்துவிட்டேன். குறிப்பேட்டை எடுத்து அட்டையின் எண்களை வாசித்தேன். சற்று நேரத்தில் என் தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள் வந்தன. அவற்றை எவரிடமும் சொல்லக் கூடாதென்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. அதையும் படித்தேன். வங்கிக்கே சொல்வது 'எவரிடமும்' என்பதில் அடங்காது என்று எண்ணினேன். வகுப்பில் வாசிப்பதைப் போல, ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி வாசித்தேன்.

"நல்லாத் தெளிவா சொன்னீங்க மிஸ்," என்றார் அவர்.

அடுத்தடுத்து மூன்று செய்திகள் வந்தன. மூன்றாவது செய்தியில் மீதி முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா என்றிருந்தது. உடனே வங்கியை அழைத்தேன். அட்டையை நிறுத்தினார்கள், கணக்குக்குரியவர் இன்றைக்கே நேரில் வந்து முறையிட வேண்டும், காலம் தாழ்த்தினால் பணத்தைத் தேடுவது கடினம் என்றார்கள். காளியாயி குடியிருந்த லயத்துக் காம்பரா என் வீட்டிலிருந்து இருநூறு அடிதான். நான் போகவில்லை. பணம் எப்படியாவது திரும்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள், கூரைத் தகடு வாங்கப் பணமெடுக்கச் சென்ற வினோதா, அட்டை வேலை செய்யாமல் வங்கியில் விசாரித்து, கணக்கில் பணமே இல்லையென்று அறிந்து வெறுங்கையோடு திரும்பினாள். காளியாயியின் குரல் என் சமையலறை வரை கேட்டது.

"நம்பர் ஒனக்கு மட்டுந்தானே தெரியும்? மெசினுக்குக் கைகால் மொளச்சிருச்சாடி?"

"சாமி சத்தியமா நான் எடுக்கல அத்தே!"

"பின்ன யாரு எடுத்தா? என் கூரையைத் தின்னுபுட்டு சத்தியம் வேறயா?"

ஜெயகாந்தன் தன் மனைவிக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் வினோதா ஒரு பையோடு பஸ் ஏறினாள். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் சேர்ந்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

மேலும் ஒன்பது நாள்கள் கழித்தே நான் காளியாயியின் வாசலில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கணக்குப்புள்ள கூட கொழுந்து நிறுவையில ரெண்டு கிலோதான் வெட்டுவாரு டீச்சர். நீங்க கூடையோட கொட்டிட்டீங்களே."

"என் பென்சன்லருந்து மாசாமாசம் தந்துர்றேன், காளியாயி."

"தாங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வசதியில்ல." பிறகு குரல் தாழ்ந்தது. "காசு கெடக்கட்டும். அந்தப் புள்ளையத் திருடின்னு சொல்ல வச்சிட்டீங்களே."

அன்றே வங்கியிலும் பொலிஸிலும் முறையிட்டோம். தாமதமாகிவிட்டது என்றார்கள், பணம் இன்றுவரை கிடைக்கவில்லை. என் இலக்கத்தைக் கொடுத்திருந்த மற்றப் பதினொரு பேரையும் வங்கிக்கு அழைத்துச் சென்று, அவரவர் வீட்டு இலக்கத்துக்கு மாற்றுவித்தேன். குறிப்பேட்டை அடுப்பில் இட்டேன். இவற்றையெல்லாம் விரைந்து செய்த நான், வினோதாவிடம் மட்டும் செல்லவில்லை. காளியாயி இரவல் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம், குரல் கேட்டதும் அவள் தொடர்பைத் துண்டித்தாள். ஜெயகாந்தன் சொல்லியிருப்பான் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவன் சொல்லவில்லை.

ஐப்பசியில் காளியாயி இருதய நோயால் வைத்தியசாலையில் படுத்தார். பார்க்கச் சென்றேன்.

"நீங்க போங்க டீச்சர். நேர்ல போங்க. போன்ல சொல்றத நம்பித்தானே இம்புட்டும் வந்துச்சு. அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

மறுநாளே கட்டுநாயக்கவுக்குச் சென்றேன். வினோதா இறுதிவரை கேட்டாள். "அன்னைக்கே ஏன் டீச்சர் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஹட்டன் வந்து சேர்வதற்குள் காளியாயி கண்ணை மூடிவிட்டார். வினோதா அவருடைய காலடியில் அமர்ந்து அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை. அது நியாயமே.

காளியாயி என்னிடம் இறுதியாகக் கேட்டதை இங்கே எழுதிவைக்கிறேன். அன்று வைத்தியசாலையில் விடைபெற்று வாசல்வரை சென்ற என்னை அவர் திரும்பக் கூப்பிட்டார்.

"போனவொடனே ஆரம்பிச்சிராதீங்க டீச்சர். வேல விட்டுப் பசியோட வரும். மொதல்ல அந்தப் புள்ளைக்குச் சோறு வாங்கிக் குடுங்க. அது தின்னு முடிச்சப்பறம் சொல்லுங்க."